எல்லாமா எவ்வளவு, அம்மா?

அரிப்பு, மன்னார் மாவட்டம்
08.09.2024

அன்புள்ள அன்ரோனெற்றுக்கு,

மரியாயே வாழ்க! மலைக் குளிரில் கை வெடித்துக் கிடக்கிறது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இப்போது ஆறிவிட்டதா? தேங்காய் எண்ணெய் பூசு. இங்கே நாங்கள் நாலு பேரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருக்கிறோம். உங்கள் மடத்தில் தொலைபேசி சாவு செய்திக்கும் ஆபத்துக்கும் மட்டும் என்றபடியால், ஊரில் முத்திரை வாங்குகிற ஒரே ஆள் நான்தான் என்று தபால்காரர் சிரிக்கிறார்.

பஸ்ரியன் ஆடி மாதம் விட்ட நண்டு வலையில் பாதிக்கு மேல் இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டு போய்விட்டன. சமாளித்துவிட்டோம். அதை விடு.

பிள்ளைகளைப் பற்றித்தான் ஒரு யோசனை கேட்க வேண்டும். இரண்டு பேருக்கும் காசின் அருமை தெரியவில்லை. ஜெனிஸ்ராவுக்குப் பதினாலு முடிந்துவிட்டது. வகுப்புப் பிள்ளைகள் எல்லோரிடமும் இருக்கிறதாம் என்று வெள்ளைச் சப்பாத்து ஒரு சோடி கேட்டாள். ஆறாயிரத்து ஐந்நூறு. வாங்கிக் கொடுத்துவிட்டேன். றொகான் எட்டு வயதில் கேட்கிற கேள்வியைப் பார்: "அப்பா, உங்களிட்ட காசு எவ்வளவு இருக்கு?" பஸ்ரியன், "சின்னப் பிள்ளையளுக்கு ஏன் அந்தக் கதை? அப்பா இருக்கிறன்தானே" என்று வாயை அடைத்துவிட்டார். நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

மடத்துக்குப் போக முன் மூன்று வருடம் கூட்டுறவுச் சங்க வங்கியில் கணக்கு எழுதியவள் நீ. காசை விட்டுப் போனவளிடம் காசைப் பற்றிக் கேட்கிறேன் என்று சிரிக்காதே. இதை நாளைக்கே தபாலில் போட்டுவிடுவேன். செவ்வாய்க்கிழமைகளில் எனக்கு நேரம் கிடைப்பதில்லை.

உன் செபத்தில் எங்களை மறவாதே.

உன் அக்கா,
நிறஞ்சலா

---

மடம்
02.10.2024

அன்பின் அக்காவுக்கு,

யேசுவின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். என் கை ஆறிவிட்டது. அத்தானின் முதுகு வலி எப்படி?

நான் சிரிக்கவில்லை. காசை விட்டு வந்தேன் என்று நானும்தான் நினைத்திருந்தேன். ஆனால் மடத்துக்கும் அரிசி வேண்டுமே. நாங்கள் நற்கருணை அப்பம் சுட்டு கோவில்களுக்கு விற்றுத்தான் சீவிக்கிறோம். போன வருடம் கோதுமை மா விலை ஏறி, மின்கட்டணமும் ஏறி, எங்கள் பாடு மோசமாகிவிட்டது. காலையில் பாணுக்குப் பட்டர் நின்றுபோனது. யாரும் காரணம் சொல்லவில்லை, ஆகவே ஆளுக்கொரு காரணத்தை நாங்களே உண்டாக்கிக்கொண்டோம். ஒரு சகோதரி, மதருக்குத் தன்னில் கோபம் என்று நினைத்து ஒரு மாதமாக அழுதிருக்கிறாள்.

பிறகு ஒரு நாள் மதர் பதினெட்டுப் பேரையும் சாப்பாட்டு மேசையில் இருத்தி, காசுப் பெட்டியைத் திறந்து காட்டினார். "பிள்ளையள், இவ்வளவுதான் இருக்கு. இனி எல்லாரும் யோசியுங்கோ." வந்து மூன்று மாதமே ஆன பிள்ளையும் அதில் இருந்தாள். அவள்தான், அப்பம் வெட்டிய பிறகு மிஞ்சும் ஓரத் துண்டுகளைப் பொதி செய்து விற்கலாம் என்று சொன்னாள். இப்போது ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அதை வாங்கித் தின்கிறார்கள்.

பிள்ளைகளுக்குச் சிறு தொகை கொடுத்து, அவர்களையே செலவழிக்க விட்டுப் பாருங்கோ.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். 'சமாளித்துவிட்டோம்' என்று எழுதினீர்கள். எதை வைத்துச் சமாளித்தீர்கள்?

நால்வருக்கும் என் அன்பு முத்தங்கள்.

அன்ரோனெற்

---

அரிப்பு
27.10.2024

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். இங்கே முதல் மழை பெய்துவிட்டது. பஸ்ரியனின் முதுகு பரவாயில்லை.

நீ சொன்னபடி செய்தேன். ஜெனிஸ்ராவுக்குக் கிழமைக்கு இருநூறு, றொகானுக்கு நூறு. ஜெனிஸ்ரா இரண்டு நாளில் முடித்துவிட்டு, ஐந்து நாள் என் முகத்தைப் பார்த்தாள். றொகான் செய்ததைக் கேள். தகப்பன் கைத்தொலைபேசிக்கு ரீலோட் போட ஐம்பது ரூபாய் கேட்டதற்கு, கொடுத்துவிட்டுச் சொன்னான்: "வாற செவ்வாய் அறுபதாத் தாங்கோ."

"ஏன்டா அறுபது?"

"பத்து வட்டி. தராட்டி நான் வாசல்ல வந்து இருப்பன்."

பஸ்ரியன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெனிஸ்ராவின் பள்ளிக்கூடம் மார்கழியில் கண்டிக்குச் சுற்றுலா போகிறது. ஐயாயிரத்து ஐந்நூறு கட்டிவிட்டேன். மற்றப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் குறைந்து நிற்கக் கூடாது.

பூசைக்கு மணி அடிக்கிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

நிறஞ்சலா

---

மடம்
24.11.2024

அன்பின் அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறேன், உங்கள் சுகத்துக்காக மன்றாடுகிறேன். முதலாம் திகதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்மஸ் முடியும் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இது சின்னக் கடிதம்.

என் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. இப்போது இன்னொன்றும் சேர்ந்துவிட்டது. வட்டியையும் செவ்வாய்க்கிழமையையும் வாசலில் வந்து இருப்பதையும் றொகானுக்கு யார் படிப்பித்தது?

உங்கள் தங்கச்சி,
அன்ரோனெற்

---

அரிப்பு
04.12.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் ஜெனிஸ்ரா. நலமாக இருப்பீங்கள் என்று நினைக்கிறேன். இது நோன்புக் காலம், பதில் வராது என்று அம்மா சொன்னா. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. யாருக்காவது சொல்ல வேணும்.

நேற்று ரியூசன் இல்லை, நான் பள்ளிக்கூடத்தால் வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை. அம்மா என் கையைப் பிடித்து, "லோன்காரன் வாறான், நான் இல்லையெண்டு சொல்லு" என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டா. ஒரு அண்ணா மோட்டார் சைக்கிளில் வந்தார். ஒவ்வொரு செவ்வாயும் வாறவராம். நான் அந்த நேரம் ரியூசனில் இருப்பதால் எனக்குத் தெரியாது. றொகானுக்குத் தெரிந்திருக்கிறது.

"அம்மா எங்க?"

"மன்னாருக்குப் போட்டா."

"எப்ப வருவா?"

"தெரியாது."

அவர் உள்ளேயிருந்த கதிரையைத் தானே தூக்கி வந்து வாசலில் போட்டார். "அப்ப இருந்து பாத்திட்டுப் போறன். எனக்கும் மேல கணக்குக் காட்டோணும், தங்கச்சி."

அரை மணித்தியாலம் இருந்தார். நானும் நின்றேன். பக்கத்து வீட்டு ஆட்கள் வேலியால் பார்த்தார்கள். பிறகு அறைக்குள் அம்மாவுக்கு இருமல் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்தும் வந்தது. அவர் என்னைப் பார்த்து, சத்தம் போடாமல், "இந்த வயசில பொய் சொல்லப் பழகாதேங்கோ" என்றார். அம்மா வெளியே வந்து, அரிசிக்கு வைத்திருந்த காசை எடுத்துக் கொடுத்தா.

சின்னம்மா, நான் ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய்ச் சப்பாத்தோடு அதில் நின்றேன். கண்டிக்கும் காசு கட்டிப்போட்டு நின்றேன். எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா? இரவு அம்மாவிடம் கேட்டேன். "உனக்கேன்? போய்ப் படி" என்றா.

என் சிநேகிதியின் அக்கா நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கிற வேலைக்குப் போறா. வயதைக் கூட்டிச் சொன்னால் என்னையும் எடுப்பினமாம். தை மாதம் பள்ளிக்கூடம் தொடங்கும்போது நான் போகாமல் விடப்போறேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
ஜெனிஸ்ரா

---

மடம்
12.12.2024

என் அன்பு ஜெனிஸ்ராவுக்கு,

உன் கடிதத்தை மதரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு, "இதுக்குப் பதில் எழுதுறதும் செபந்தான், போய் எழுதுங்கோ" என்றார். அதனால்தான் இந்தக் காலத்திலும் எழுதுகிறேன்.

நீ சப்பாத்துக் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. தெரியாத ஒன்றை நினைத்து நீ எப்படி ஆசையை அடக்குவாய்? ஆனால் நண்டுக் கொம்பனிக்குப் போவது அதே பிழையைத் திருப்பிச் செய்வது. அம்மா உனக்கு மறைத்தா. நீ அம்மாவுக்கு மறைக்கப் பார்க்கிறாய்.

நானும் இதை அம்மாவுக்கு மறைத்து வைக்க மாட்டேன். தை பிறந்ததும் எழுதுவேன். அதற்கு முன் நீயே போய்ச் சொல். சண்டை பிடிக்காதே, அழாதே. ஒன்றே ஒன்று கேள்: "எல்லாமா எவ்வளவு, அம்மா?" நான் வங்கியில் இருந்தபோது கடனில் மாட்டி வந்த எத்தனையோ பேரைப் பார்த்தேன். அந்தத் தொகையை வாயால் சொன்ன பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வந்தது.

உன்னை ஒவ்வொரு நாளும் நினைக்கிற,
சின்னம்மா

---

அரிப்பு
19.01.2025

அன்ரோனெற்,

உனக்குத் திருப்திதானே? என் பிள்ளையை வைத்தே என்னைக் கேள்வி கேட்கச் செய்துவிட்டாய்.

பாலன் பிறப்புக்கு அடுத்த நாள், நான் மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது வந்து நின்றாள். "எல்லாமா எவ்வளவு, அம்மா?" நான் அடித்துவிட்டேன். மீன் கையோடு, கன்னத்தில். பதினாலு வயதுப் பிள்ளைக்கு. அவள் நகரவில்லை. "அடிச்சாலும் பரவாயில்லை, எவ்வளவெண்டு சொல்லுங்கோ. இல்லாட்டி நான் நண்டுக் கொம்பனிக்குப் போறன்" என்றாள். அப்போதும் நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாது, அன்ரோனெற். கூட்டிப் பார்க்கப் பயந்து கூட்டாமலே விட்டிருந்தேன்.

நேற்று இரவு கூட்டினேன். எழுதுகிறேன், வாசி. வலைக்கு எடுத்த கடனில் மிச்சம் ஒரு இலட்சத்துப் பத்தாயிரம். அந்தக் கடனைக் கட்ட எடுத்த கடனில் தொண்ணூற்றிரண்டாயிரம். படகு இயந்திரம் பழுதானபோது அடைவு வைத்த நகைக்கு ஒரு இலட்சத்து எண்பதாயிரம், வட்டி வேறு. மூன்று இலட்சத்து எண்பத்திரண்டாயிரம்.

அந்த நகை என்னுடையது இல்லை. அம்மா உனக்கென்று வைத்த இரண்டு பவுண் சங்கிலி. நீ என்னை நம்பி விட்டுப்போனது. உன்னைக் கேட்காமல் வைத்தேன். நீ நாலு சுவருக்குள் இருந்து அமைதியாக 'எதை வைத்துச் சமாளித்தீர்கள்' என்று கேட்டபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்?

பிள்ளை தை பிறந்து பள்ளிக்கூடம் போகிறாள். ஆனால் என்னோடு கதைப்பதில்லை.

நிறஞ்சலா

---

மடம்
02.02.2025

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கோபம் எனக்குப் படவில்லை. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு நீங்கள் எனக்கு எழுதிய முழுக் கடிதம் இதுதான். அடித்த கையை நினைத்து நீங்கள் எவ்வளவு நொந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். போய் அவளிடம் சொல்லுங்கோ, "பிழை செய்திட்டன்" என்று. அதைப் பெற்றவர்கள் சொல்லலாம், ஒன்றும் குறையாது.

என்னிலும் பிழை இருக்கிறது. வங்கிக் கந்தோரில் இருந்து ஊராரின் கணக்கெல்லாம் பார்த்தேன். உங்கள் கணக்கை ஒரு நாளும் கேட்கவில்லை. சொந்த அக்காவிடம் காசுக் கதை கேட்பது மரியாதையில்லை என்று நினைத்தேன்.

சங்கிலி விசயம். ஆவணியில் நான் சாகும் வரைக்கும் துறவியாக இருக்க நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறேன். அதற்கு முன் எனக்கென்று உள்ளதையெல்லாம் யாருக்காவது கொடுத்துவிட வேண்டும், அது சட்டம். என்னிடம் உள்ளது அது ஒன்றுதான். இன்றிலிருந்து அது உங்களுடையது. மதருக்கும் சொல்லிவிட்டேன். பவுண் விலை எங்கேயோ போய்விட்டது என்று அப்பம் வாங்க வருகிறவர்கள் சொல்கிறார்கள். அடைவில் கிடந்தால் வட்டிதான் ஏறும். மீட்டு விற்றால் என்ன மிஞ்சும் என்று விசாரியுங்கோ. அம்மாவின் நினைவு என்று யோசிக்க வேண்டாம். கழுத்தில் கிடந்ததையா அம்மா என்று நினைக்கிறோம்?

ஒரே ஒரு நிபந்தனை. விற்பதா, மீட்பதா, வருகிற காசை என்ன செய்வது என்று நாலு பேரும் இருந்து கதைத்து முடிவெடுக்க வேண்டும். றொகானும்தான்.

என்றும் உங்கள்,
அன்ரோனெற்

---

அரிப்பு
01.03.2025

அன்புள்ள சிஸ்ரர் மச்சாளுக்கு,

பஸ்ரியன் எழுதுவது. பத்தாம் வகுப்போடு பேனையை வைத்தவன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளவும். உங்கள் அக்கா எழுத மாட்டேன், நீங்களே எழுதுங்கோ என்று சொல்லிவிட்டா. வெட்கமாம். தவக்காலம் தொடங்க முன் கிடைக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து நாலு பேரும் இருந்தோம். முதலில் நிறஞ்சலா ஜெனிஸ்ராவைப் பார்த்து, "அண்டைக்கு அடிச்சது பிழை, பிள்ளை" என்றா. அதற்குப் பிறகு பத்து நிமிடம் இரண்டு பேரும் அழுதார்கள். நானும் றொகானும் என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

பிறகு என் முறை. எனக்குக் கடலில் வாடைக் காற்றுக்குப் பயமில்லை. அன்றைக்குப் பயந்தேன். தகப்பனிடம் காசில்லை என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தால் பிறகு என்னத்துக்குத் தகப்பன் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்தேன். ஒரு நல்ல மாதத்தில் எவ்வளவு வரும், கெட்ட மாதத்தில் எவ்வளவு வரும், மண்ணெண்ணெய்க்கு எவ்வளவு போகும் என்று எல்லாம் சொன்னேன். றொகான் கேட்டான்:

"அப்ப நாங்கள் ஏழையளா, அப்பா?"

ஜெனிஸ்ராதான் சொன்னாள்: "இல்லையடா, கடன்காரர். கடன் கட்டலாம்." நிறஞ்சலா சிரித்தா. பிறகு எல்லோரும் சிரித்தோம்.

சங்கிலி மூன்று இலட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்குப் போனது. அடைவும் வட்டியும் ஒரு இலட்சத்துத் தொண்ணூற்றெட்டாயிரம். இரண்டாவது கடனை அப்படியே முடித்தோம். கையில் ஒரு இலட்சம். நான் முழுவதுக்கும் வலை வாங்க வேண்டும் என்றேன். நிறஞ்சலா முழுவதையும் கடனுக்குப் போட வேண்டும் என்றா. சண்டை வரப் பார்த்தது. ஜெனிஸ்ரா கொப்பியில் எதையோ கணக்குப் பார்த்து, "எழுபது கடனுக்கு, முப்பது வலைக்கு. வலை இல்லாட்டி மிச்சத்தை எதால கட்டுறது?" என்றாள். அப்படியே செய்தோம்.

இன்னொன்று. அவள் அந்த வலைக் கடன் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். நாங்கள் இரண்டு பேரும் ஒரு நாளும் வாசித்ததில்லை. கிழமைக் காசோடு சேமிப்பு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்திருக்கிறார்கள், பதினெட்டாயிரம் சேர்ந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை லோன் காசு வாங்க அந்தத் தம்பி வந்தபோது அவளே கேட்டாள்: "அண்ணா, இந்தச் சேமிப்பைக் கடனில கழிக்க ஏலாதோ?" அவர் புத்தகத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஒருத்தரும் கேக்கிறேல்லை. கேட்டா ஏலும். கடிதம் எழுதித் தாங்கோ" என்றார். எழுதிக் கொடுத்தாள். கழித்துவிட்டார்கள். இனி இருபத்திரண்டாயிரம்தான்.

சங்கிலிக்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. நண்டு இப்போது பரவாயில்லாமல் படுகிறது. எங்களுக்காக மன்றாடிக்கொள்ளுங்கோ.

இப்படிக்கு,
பஸ்ரியன்

---

மடம்
22.04.2025

அன்பின் அத்தானுக்கும் அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும்,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்களோடு! நாற்பது நாளும் அத்தானின் கடிதத்தைச் செபப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். 'கடன்காரர், கடன் கட்டலாம்' என்ற இடம் வரும்போது கோவிலுக்குள்ளேயே எனக்குச் சிரிப்பு வந்து, பக்கத்துச் சகோதரி முழங்கையால் இடித்தாள்.

ஆவணி பதினைந்தாம் திகதி, மாதா பரலோகத்துக்கு எடுக்கப்பட்ட திருநாளில், என் நித்திய வார்த்தைப்பாடு. நீங்கள் நாலு பேரும் வந்தால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தோசம் இல்லை. விருந்தினர் வீட்டில் தங்க மதர் இடம் தருவா.

அன்ரோனெற்

---

அரிப்பு
20.07.2025

என் அன்புத் தங்கச்சிக்கு,

மரியாயே வாழ்க! உன் பெரிய நாள் கிட்ட வந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள், தவம் என்று சாப்பிடாமல் இருக்காதே. பதில் எழுதச் சுணங்கியதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

வைகாசியில் கடன் முடிந்தது. கடைசிப் பற்றுச்சீட்டை றொகான் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான், அந்தோனியார் படத்துக்குப் பக்கத்தில். நான் எடுக்கவில்லை, கிடக்கட்டும். ஜெனிஸ்ரா பத்தாம் வகுப்பில் வணிகமும் கணக்கீடும் எடுத்திருக்கிறாள். மாதக் கடைசி ஞாயிறுகளில் நாலு பேரும் இருந்து கதைக்கிறோம். சில மாதம் சண்டைதான். போன மாதம் பஸ்ரியன் சொல்லாமல் வாங்கிய புதுக் கைத்தொலைபேசிக்கு றொகான் தகப்பனை நிற்க வைத்து விளக்கம் கேட்டான்.

கடன் முடிந்த கிழமையே அந்தத் தம்பி திரும்ப வந்தார். "நல்லாக் கட்டி முடிச்சிட்டீங்கள் அக்கா. இப்ப இரண்டு இலட்சம் தரலாம், ஒரு கையெழுத்துத்தான்." நான் உன் நாளைத்தான் நினைத்தேன். சோளகக் காற்றில் பஸ்ரியனுக்குக் கடலில் தொழில் குறைவு. நாலு பேர் வந்து போக, தங்க, உனக்கு ஏதாவது கொண்டு வர எல்லாம் பெரிய செலவு. அந்தக் காசை எடுத்தால் நாலு பேரும் வரலாம். உண்மையைச் சொன்னால், பேனையைக் கையில் வாங்கிவிட்டேன்.

பிறகு, "பிள்ளையளோட கதைச்சிட்டுச் சொல்லுறன்" என்றேன். அவர் சிரித்தார். ஆனாலும் போய்விட்டார்.

அதைத்தான் இரண்டு மாதமாகக் கதைத்தோம். ஜெனிஸ்ராவுக்கு வர எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாது. "கடன் எடுக்க வேண்டாம், அம்மா. றொகானுக்கு அரை ரிக்கற், அவனைக் கூட்டிக்கொண்டு போங்கோ. சின்னம்மாவை அவன் ஒரு நாளும் காணேல்லை. நான் சோதினை முடிஞ்சு என்ர காசில போறன்" என்றாள். சொல்லிவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

அன்ரோனெற், ஆறு வருடத்துக்கு முன் உன் முதல் வார்த்தைப்பாட்டுக்கு நாங்கள் வரவில்லை. பஸ்ரியனுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். நீயும் அவருக்காக ஒன்பது நாள் செபம் செய்ததாக எழுதினாய். காய்ச்சல் இல்லை. அந்த மாதம் பஸ் காசுக்கு எங்களிடம் வழியில்லை. அதை உனக்கு எழுத என்னால் முடியவில்லை.

இந்த முறை நானும் றொகானும் வருகிறோம். பதினாலாம் திகதி பின்னேரம் வந்து சேர்வோம். பஸ்ரியனும் ஜெனிஸ்ராவும் வரவில்லை. எல்லோரும் சுகம். காசு காணாது, அதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

உன் அக்கா,
நிறஞ்சலா